நாற்றும் கோரையும்

வல்லக்கோட்டைக்குப் போக வேண்டும், போக வேண்டும் என்று என் மனைவி பத்து வருஷமாகச் சொல்லிக் கொண்டிருந்தாள். நானும் "போகலாம், போகலாம்" என்று பத்து வருஷமாகச் சொல்லிக் கொண்டிருந்தேன். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பெரிய துணை உண்டு. அருணகிரிநாதரே அந்த ஊரை மறந்துவிட்டவர்தான் என்று தல வரலாறு சொல்லுகிறது. ஊர் ஊராகப் பாடிக்கொண்டு வந்தவர், கோடைநகர் என்னும் இந்தத் தலத்தை விட்டுவிட்டுத் திருத்தணிக்குப் போக நினைத்தாராம். முருகன் கனவில் தோன்றி நினைவூட்டினானாம்.

"அப்பேர்ப்பட்ட மகானே மறக்கலாம், கதை எழுதிப் பிழைக்கிறவன் மறந்தால் குற்றமா?" என்று வாதாடிப் பார்த்தேன்.

"அவர் மறந்தாலும் பிறகு வந்து பாடினார். நீங்கள் வந்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டாள் அவள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையே புறப்பட்டோம்.

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரகடம் சாலையில் திரும்பியதும், நான் சிறு வயதில் பார்த்த ஊர்கள் எங்கே என்று தேடினேன். அன்று இந்தப் பக்கமெல்லாம் ஏரியும் வயலும். ஏரி நிரம்பினால் நடவு. நிரம்பாவிட்டால் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இன்று மதில் சுவர்கள். சுவருக்குள்ளே கார் செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், டயர் செய்கிறார்கள். லாரியின் முதுகில் ஆறு கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு ஊர்வலம் போகின்றன. ஷிப்டு முடிந்த பிள்ளைகள் பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகிறார்கள்.

கோயிலில் கூட்டம். ஏழடி உயரத்தில் நிற்கிற முருகனை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டு விட்டு, மண்டபத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்தோம். அங்கேதான் அந்தக் குடும்பத்தைப் பார்த்தேன்.

ஒரு பாட்டி, அவள் மகன், மருமகள், பதினோரு வயதுப் பையன் ஒருவன், ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று. பையன் தூணைச் சுற்றி ஓடிக் கொண்டிருந்தான். குழந்தை மட்டும் ஓடவில்லை. பாட்டியின் மடியில் சாய்ந்துகொண்டு அண்ணன் ஓடுவதை வேடிக்கை பார்த்தது. முகம் வெளிறியிருந்தது. பாவாடைக்கு மேலே வயிறு சற்றுத் தூக்கலாகத் தெரிந்தது. புறங்கையில் ஊசி குத்திக் குத்திக் கறுத்த புள்ளிகள்.

என் மனைவி பிரசாதத்தில் பாதியைக் குழந்தைக்குக் கொடுத்தாள். "கண்ணுக்கு என்ன உடம்பு?" என்று கேட்டாள்.

"ரத்தம் ஊறல அம்மா. மாசத்துக்கு ரெண்டு வாட்டி ஏத்தணும். ஏத்தினா நாலு நாள் ஓடுவா, அப்புறம் வாடிப்போயிடுவா. நாளைக்கு ஏத்தற நாள்" என்றாள் பாட்டி.

"தாலசீமியான்னு சொல்றாங்க" என்றான் மகன்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவன் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பெயிண்டு அடிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறவன். மாமன் மகளைக் கட்டியவன். பாட்டி அந்த நாளில் நடவுக்கும் களைக்கும் போனவள். அவள் நட்ட வயல்களில் ஒன்றின்மீதுதான் இப்போது அவன் வேலை செய்கிற கூரை நிற்கிறதாம். நான் கதை எழுதுகிறவன் என்று என் மனைவி சொல்லி வைத்தாள். படித்தவன் என்றால் எல்லாம் தெரிந்தவன் என்று நம்புகிற நல்ல மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவன் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"சார், அண்ணன்காரன் உடம்பு இவளுக்கு முழுசாப் பொருந்துதாம். அவன் எலும்புக்குள்ள இருந்து எடுத்து இவளுக்கு வச்சா, பிறகு ரத்தமே ஏத்த வேணாமாம். வேலூர்ல சொல்றாங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு மருந்து கொடுப்பாங்களாம். இவளுக்குள்ள இருக்கிறதையெல்லாம் முதல்ல அழிச்சுடுமாம். அதைக் கேட்டதிலேர்ந்து அம்மா ஒத்துக்கல."

பாட்டி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நாத்து நடணும்னா சேறடிக்கணும், சாமி. அது எனக்குத் தெரியாதா? கோரை மண்டிக் கிடந்தா கோரையைப் பிடுங்கணும். அதுக்காக வயலையே கொளுத்துவாங்களா? நாளைக்கு இவ பெரிய மனுஷியாகி ஒரு புள்ள பெத்துக்க வேணாமா?"

"இவங்க சொல்றது தப்பில்ல சார்" என்றான் மகன் தணிந்த குரலில். "எங்க பிரிவிலேயும் அதுதான். பழைய பூச்சு இருந்தா புதுசு ஒட்டாது, எடுக்கத்தான் வேணும். ஆனா தகட்டையே அரிக்கிற ஆசிடைப் போட்டா அப்புறம் வண்டி எங்கே? நீங்க சொல்லுங்க சார். செய்யலாமா, வேணாமா?"

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவியும் பார்த்தாள். அவள் பார்வையில் மட்டும் ஓர் எச்சரிக்கை இருந்தது.

"எனக்குத் தெரியாது தம்பி. விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன்" என்றேன்.

வாழ்க்கையில் நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட வாக்கியம் அது.

*

1996-ஆம் வருஷம் இதே கேள்வியை என் அக்கா என்னிடம் கேட்டாள். அவள் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. இதே வியாதி. கல்லீரல் வீங்கியிருந்தது. தங்கையின் எலும்பு மஜ்ஜை பொருந்தியது. மாற்றி வைக்கலாமா என்று பேச்சு வந்தது. அத்திம்பேர் காலமாகிவிட்டிருந்தார். "தம்பி, நீ சொன்னால் சரி" என்றாள் அக்கா.

நான் அதற்கு முந்தைய வாரந்தான் எங்கேயோ ஒரு கட்டுரை படித்திருந்தேன். அந்த மருந்துக்கு விஷவாயுவின் வம்சம் என்று அதில் போட்டிருந்தது. அது என் கற்பனையைப் பிடித்துக்கொண்டது. "நம் கையாலேயே குழந்தைக்கு விஷம் கொடுப்பதா அக்கா? இரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்கட்டும். நாளைக்கே புது மருந்து வரும்" என்றேன். மிகவும் அழகாகச் சொன்னேன் என்று ஞாபகம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள். ஒரு வைத்தியரைக்கூட நான் போய்ப் பார்த்துக் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை இரத்தம் ஏற்றிக்கொண்டே பள்ளிக்கூடம் போனான். என் கதைகளை முதலில் படிக்கிறவன் அவன்தான். ஏற்றுகிற ஒவ்வொரு பை இரத்தத்தோடும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உடம்புக்குள் போகிறது. அதை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது. கல்லீரலில் படிகிறது, இருதயத்தில் படிகிறது. படிந்ததை வெளியேற்ற இரவு முழுவதும் வயிற்றுத் தோலில் ஊசியைக் குத்திக்கொண்டு படுக்க வேண்டும். பிள்ளை சில இரவு குத்திக்கொண்டான். பல இரவு ஏமாற்றினான். 2004-ல், பதினேழாவது வயதில், இருதயம் நின்றுவிட்டது.

அக்கா ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. நானும் அதை மறந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அருணகிரிநாதருக்குக் கனவில் வந்து நினைவூட்டியவன், எனக்கு மண்டபத்தில் உட்கார வைத்து நினைவூட்டினான்.

*

சென்னைக்குத் திரும்பியதும், ஓய்வு பெற்ற வைத்திய நண்பர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். இரத்த வியாதிகளிலேயே காலம் கழித்தவர். கதையை முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அந்தப் பாட்டி கேட்ட கேள்வியைத்தான் உலகத்து வைத்தியர்களெல்லாம் எழுபது வருஷமாகக் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள்" என்றார். "உட்காரும், சொல்லுகிறேன்."

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன்.

நம் எலும்புக்குள்ளே மஜ்ஜை இருக்கிறது. இரத்தத்தின் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாவற்றுக்கும் தாயான மூல அணுக்கள் அங்கே தங்களுக்கென்று இடம் பிடித்துக்கொண்டு குடியிருக்கின்றன. இந்தத் தாய் அணுவிலேயே கோளாறு என்றால், வேறொருவரின் நல்ல அணுவைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். வைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரத்தம் ஏற்றுவது போலவே நரம்பில் ஏற்றினால், அவை தாமாகவே எலும்புக்கு வழி தேடிப் போய்விடுகின்றன. சங்கடம் எல்லாம் அதற்கு முந்தைய வாரத்தில்தான்.

பழைய குடித்தனக்காரன் இருக்கிற வீட்டில் புதியவன் எப்படிக் குடிபுகுவது? இடம் காலியாக வேண்டும். அது ஒன்று. வாசலில் காவல்காரன் நிற்கிறான். அதாவது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி. அன்னியன் என்று கண்டால் அடித்து விரட்டிவிடுவான். அவனைத் தூங்கச் செய்ய வேண்டும். அது இரண்டு. புற்று நோயாக இருந்தால், ஒளிந்திருக்கும் நோயணுக்களையும் ஒழிக்க வேண்டும். அது மூன்று. இந்த மூன்று காரியத்துக்கும் சேர்த்துத்தான் முன் தயாரிப்பு.

ஆரம்ப நாளில் கையில் இருந்த முக்கிய ஆயுதம், கதிர்வீச்சு. அமெரிக்காவில் டானல் தாமஸ் என்ற வைத்தியர் 1957-ல் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஒருவரும் நெடுநாள் பிழைக்கவில்லை. பல பேர் இந்த முயற்சியையே கைவிட்டார்கள். அவர் விடவில்லை. 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறகு மருந்துகள் வந்தன. அவற்றில் சைக்ளோபாஸ்பமைடு என்பது உண்மையிலேயே முதல் உலக யுத்தத்து மஸ்டர்டு வாயுவின் வம்சந்தான். நான் படித்த கட்டுரை அந்த மட்டில் பொய் சொல்லவில்லை. பியூசல்பான் என்று இன்னொன்று. இரண்டையும் சேர்த்து, இத்தாலியில் பெசாரோ என்னும் ஊரில் குய்தோ லூக்கரெல்லி என்பவர் 1980-களில் தாலசீமியாக் குழந்தைகளுக்கு வரிசையாக மாற்றுச் சிகிச்சை செய்து காட்டினார்.

நம் தேசத்தில் முதன்முதலில் 1983-ல் பம்பாய் டாடா ஆஸ்பத்திரியில் செய்தார்கள். 1986-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மாமன் சாண்டி தொடங்கினார். வேலூருக்கு வந்த குழந்தைகளில் பலர் இத்தாலியக் குழந்தைகளைப் போல் இல்லை. ஒழுங்காக இரத்தம் ஏற்றாமல், இரும்பை வெளியேற்ற மருந்தும் சாப்பிடாமல், கல்லீரல் வீங்கிய நிலையில் தாமதமாக வந்தவர்கள். ஏழு வயது நிறைந்து, கல்லீரலும் விலாவுக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் அபாயம் மிக அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். பியூசல்பான் அந்தக் கல்லீரலில்தான் கையை வைக்கும். உள்ளே இருக்கிற நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும்.

"இதிலே உமக்குப் பிடித்த சங்கதி ஒன்று இருக்கிறது" என்றார் நண்பர். "ஒரே எடைக்கு ஒரே அளவு மருந்து கொடுத்தாலும், ஒரு குழந்தையின் இரத்தத்தில் மருந்து பல மடங்கு அதிகமாக நிற்கிறது, இன்னொன்றில் சீக்கிரம் கரைந்துவிடுகிறது. வேலூரில் அதை அளந்து 1999-ல் எழுதியவர்களில் முதல் பெயர் யாருடையது தெரியுமா? பூங்குழலி!"

பூங்குழலி என்றால் நம் வாசகர்களுக்கெல்லாம் கோடிக்கரையில் படகு தள்ளுகிற பெண்தான் நினைவுக்கு வருவாள். இந்தப் பூங்குழலி சோதனைச் சாலையில் அமர்ந்து குழந்தைகளின் இரத்தத்தில் மருந்தை அளந்த விஞ்ஞானி. மருந்தை முறிக்கிற ஒரு மரபணு சில பேருக்குப் பிறவியிலேயே இல்லை. அவர்களுக்குக் கல்லீரல் கோளாறு அதிகமாக வருகிறது என்று 2004-ல் வேலூர்க்காரர்கள் கண்டு சொன்னார்கள். எல்லா வயலுக்கும் ஒரே உழவு உதவாது என்று பாட்டிக்குத் தெரிந்தது, இப்படி விஞ்ஞானத்துக்கும் தெரிய வந்தது.

பிறகு மருந்தையே மாற்றினார்கள். ட்ரியோசல்பான் என்று ஒன்று. பியூசல்பானுக்கு உறவு முறைதான். ஆனால் சுபாவம் சாது. மஜ்ஜையைக் காலி செய்வதில் குறை வைக்காது. கல்லீரலை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. இதனுடன் வேறு இரண்டு மருந்துகளைச் சேர்த்து, மிகவும் அபாய நிலையில் இருந்த குழந்தைகளுக்கு வேலூரில் கொடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் விக்ரம் மாத்யூஸும் சகாக்களும் அதை 2013-ல் வெளியிட்டார்கள். பழைய முறையில் இத்தகைய குழந்தைகளில் நூற்றுக்கு 39 பேர்தான் மூன்று வருஷத்துக்குப் பிறகு உயிரோடு இருந்தார்கள். புதிய முறையில் அது சுமார் 87 ஆயிற்று. கல்லீரல் குழாய் அடைப்பு 78-லிருந்து 30-க்கு இறங்கியது.

முப்பத்தொன்பது!

அந்த எண்ணைக் கேட்டதும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். என் மருமானுக்கு அன்று ஒன்பது வயது, கல்லீரல் வீக்கம். அவன் அந்தப் பழைய கணக்கில் சேர்ந்தவன். அப்படியானால் நான் வேண்டாம் என்று சொன்னது சரியா? இல்லை, அந்த முப்பத்தொன்பதில் அவன் ஒருவனாக இருந்திருப்பானா?

நண்பர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "அதைப் பற்றி இனிமேல் யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நீர் சொன்ன பதில் தப்பாக இல்லாமலே இருக்கலாம். ஆனால் தெரிந்துகொண்டு சொல்லவில்லை; அது தப்புத்தான்" என்றார்.

நல்ல நண்பர்களிடம் ஆறுதல் எதிர்பார்க்கக் கூடாது. அவர்களிடம் கிடைப்பது உண்மைதான்.

*

"சரி, இன்னும் சாதுவாகச் செய்ய முடியாதா? கோரையை மட்டும் பிடுங்க முடியாதா?" என்று கேட்டேன்.

முயன்றிருக்கிறார்கள். 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்திலே, முதலில் நாய்களுக்குச் செய்து பார்த்துவிட்டு, முன்பு 12 கிரே அளவு கொடுத்து வந்த கதிர்வீச்சை 2 கிரேயாகக் குறைத்தார்கள். உடம்பைக் காலி செய்வதை விட்டு, காவல்காரனை மட்டும் தூங்க வைத்துப் புது அணுவை உள்ளே அனுப்புவது; பிறகு புது அணுவே பழையதை மெல்ல மெல்ல வெளியேற்றிக்கொள்ளும். இதனால் அறுபது, எழுபது வயதுக்காரர்களுக்கும் சிகிச்சை செய்ய முடிந்தது. முன்பெல்லாம் அவர்களை "வயதாகிவிட்டது" என்று சொல்லித் திருப்பி அனுப்பி விடுவார்கள்.

ஆனால் சாதுவானது எல்லாம் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. இரத்தப் புற்று நோயும் அதன் பங்காளி வியாதியும் உள்ளவர்களை இரண்டு பிரிவாக்கி, அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், 2017-ல் வெளியாயிற்று. மென்மையான தயாரிப்பில், ஒன்றரை வருஷத்துக்குள் நூற்றுக்கு 48 பேருக்கு வியாதி திரும்பியது. கடுமையான தயாரிப்பில் 14 பேருக்கும் குறைவு. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பாட்டி பாஷையில் சொன்னால், மேலே கோரைப் புல்லைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கிழங்கைத் தரையில் விட்ட கதை. தாலசீமியாவில் புற்று இல்லை. ஆகவே கிழங்குப் பயம் இல்லை. ஆனால் தயாரிப்பு போதாவிட்டால் அண்ணனுடைய அணுவை உடம்பு தள்ளிவிடும். நாற்று பிடிக்காது. எவ்வளவு தேவையோ அவ்வளவு. அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். கஷ்டம் அந்த "அவ்வளவு" எது என்று கண்டுபிடிப்பதில்தான்.

கோரையை மட்டும் பிடுங்குகிற வித்தையும் இப்போது தொடங்கியிருக்கிறது. மூல அணுவின் மேலே சிடி 117 என்று ஒரு கொக்கி இருக்கிறது. அதன் வழியாகத்தான் "உயிரோடிரு" என்ற உத்தரவு அதற்கு வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கொக்கியை மட்டும் தேடிப்போய் மூடிவிடுகிற எதிர்ப்பொருள் ஒன்றைச் செய்தால், மற்ற உறுப்புக்களைத் தொடாமல் பழைய மூல அணு மட்டும் பட்டுப்போகும். 2007-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் இதை எலிகளிடத்தில் காட்டினார்கள். 2025 ஜூலையில் அதே இடத்திலிருந்து குழந்தைகளைப் பற்றிய செய்தி வந்தது. பான்கோனி சோகை என்று ஒரு பிறவி வியாதி. அந்தக் குழந்தைகளின் உடம்பு கதிர்வீச்சையும் பியூசல்பானையும் தாங்கவே தாங்காது. மூன்று குழந்தைகளுக்கு அவை இரண்டும் இல்லாமல், இந்த எதிர்ப்பொருளையும், எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கிற மருந்துகளையும் மட்டும் கொடுத்து, பெற்றோரின் பாதிப் பொருத்தமுள்ள அணுவையே வைத்தார்கள். மூன்று குழந்தைகளுக்கும் பிடித்துக்கொண்டது.

"மூன்றே மூன்று குழந்தைகள்" என்று விரலைக் காட்டினார் நண்பர். "சந்தோஷப்படலாம், ஆனால் அந்த வல்லக்கோட்டைக் குழந்தையைக் காத்திருக்கச் சொல்லிவிடாதேயும். நாளைக்கே புது மருந்து வரும் என்று நீர் ஒரு தடவை சொன்னது போதும். அவளுக்கு வயது ஆறு. கல்லீரல் இன்னும் கெட்டுப்போகவில்லை என்றால், காலம் அவள் பக்கம் இருக்கிறது. அதை வீணாக்க வேண்டாம்."

*

மறு செவ்வாய்க்கிழமை மறுபடியும் வல்லக்கோட்டைக்குப் போனேன். இந்தத் தடவை மனைவி சொல்லாமலே போனேன். அவர்கள் வீடு இரண்டு அறைகள் உள்ள ஓட்டு வீடு. பாட்டி எனக்கு மோர் கொடுத்தாள்.

நான் தெரிந்துகொண்டதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மென்மையான மருந்து என்றாலும் மயிர் கொட்டும், வாய் வேகும், சில வாரம் தனி அறையில் இருக்க வேண்டும். நூற்றுக்கு நூறு என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். பிள்ளைப் பேறு விஷயத்தில் புது மருந்து பழையதைவிடக் கெடுதல் குறைந்தது என்று தெரிகிறது. கெடுதலே இல்லை என்று சொல்வதற்கில்லை. வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எந்த மருந்து? இரத்தத்தில் அளவு பார்ப்பீர்களா? கல்லீரல் எப்படி இருக்கிறது? இவளுக்கு ஏழு வயதாகும் வரை பொறுத்தால் என்ன ஆகும்? பணத்துக்கு, தாலசீமியாக் குழந்தைகளுக்காக 2017-லிருந்து கோல் இந்தியா நிறுவனத்தார் தருகிற உதவியைச் சொன்னேன். முழுப் பொருத்தமான உடன்பிறப்பு இருந்தால், பத்து லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். கடைசியாக என் மருமானைப் பற்றியும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பையன்தான் பேசினான். "எனக்கு வலிக்குமா மாமா?"

"மயக்க மருந்து கொடுத்து எடுப்பார்கள். இரண்டு நாள் இடுப்பு வலிக்கும்" என்றேன்.

"ரெண்டு நாள்தானே?" என்று கேட்டுவிட்டு வெளியே விளையாடப் போய்விட்டான்.

பாட்டி குழந்தையின் தலையைத் தடவிக் கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "கோரையை மட்டும் பிடுங்கற மருந்து இன்னும் நம்ம பக்கம் வரல. ஆனா வயலைக் கொளுத்தற மருந்தும் இது இல்ல. அப்படித்தானே சாமி?" என்றாள்.

"அப்படித்தான் அம்மா. நன்றாகச் சேறடிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்."

"அப்ப சரி" என்றாள் பாட்டி. மகனைப் பார்த்து, "மழைக்கு முன்னாடி போய்ட்டு வாங்கடா" என்றாள்.

போனார்கள். அந்த நாட்களில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. பத்திரிகாசிரியர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். அண்ணனிடமிருந்து எடுத்து ஏற்றிய பதினேழாம் நாள் சாயங்காலம் அவன் டெலிபோனில் கூப்பிட்டான். பேச முடியாமல் குரல் தழுதழுத்தது. வெள்ளையணு எண்ணிக்கை மூன்று நாளாக ஏறுகிறதாம். வைத்தியர் சிரித்தாராம். குழந்தைக்கு வாயெல்லாம் புண்; ஆனாலும் ஐஸ்கிரீம் கேட்கிறாளாம்.

அந்தச் செய்தியை அவன் தாயாரிடம் சொன்னபோது, அவள் வேறொன்றும் கேட்கவில்லையாம். "பச்சை பிடிச்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டாளாம். நட்ட நாற்று வேரூன்றித் துளிர்ப்பதற்கு நம் கழனிகளில் அதுதான் பெயர். மாற்றி வைத்த அணு வேர் பிடிப்பதற்கு ஆயிரம் வைத்தியப் புத்தகம் தேடினாலும் இதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடைக்காது.

பச்சை பிடித்தது அறுவடை ஆகாது. இன்னும் ஒரு வருஷமாவது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். ஜுரம் வந்தால் ஓட வேண்டும். மருந்தை ஒரு வேளைகூட விடக்கூடாது. ஆனாலும் இரண்டு மாதமாகக் குழந்தைக்கு இரத்தம் ஏற்றவில்லை.

நேற்று அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அவளுக்கு எண்பது வயது. இந்தக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். கேட்டு முடித்ததும் நெடுநேரம் ஜன்னலைப் பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு, "அந்தக் குழந்தைக்குப் பேர் என்ன தம்பி?" என்று கேட்டாள். சொன்னேன். சுவரில் மாட்டியிருந்த மகன் படத்தின் கீழே சென்று விளக்கை ஏற்றினாள். ஏற்றிவிட்டு, "அடுத்த தடவை போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போ" என்றாள்.

இந்தத் தடவை மறக்க மாட்டேன்.